கமுதி 648 மெகாவாட் சூரிய மின் நிலையம்: விலை, கட்டுமானம், மண் – ஒரு மதிப்பாய்வு

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமம் கட்டிய சூரிய மின் நிலையம் 2016 செப்டம்பரில் முழுமையடைந்தது. 648 மெகாவாட், 2,500 ஏக்கர், 4,550 கோடி ரூபாய். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே இதுதான் பெரியது என்று அன்றைக்குச் சொல்லப்பட்டது. இன்று ராஜஸ்தானின் பட்லாவும் கர்நாடகத்தின் பாவகடாவும் 2,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதால் அளவை வைத்துக் கமுதியைப் பேச வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனால் தென் மாவட்டங்களில் கரிசல் காட்டை விலைக்கோ குத்தகைக்கோ கேட்டு வரும் ஒவ்வொரு சோலார் நிறுவனமும் கமுதியைத்தான் மாதிரியாகக் காட்டுகிறது. அதனால் மின்சாரத்தை வாங்குபவரின் கண்ணாலும், நிலம் கொடுப்பவரின் கண்ணாலும் இந்த நிலையத்தை எடைபோட்டுப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் விலை. 4,550 கோடியை 648-ஆல் வகுத்தால் ஒரு மெகாவாட்டுக்கு 7.02 கோடி வருகிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015-16க்கு நிர்ணயித்திருந்த அடிப்படைச் செலவு மெகாவாட்டுக்குச் சுமார் 6.06 கோடி, அடுத்த ஆண்டே அதை 5.30 கோடியாகக் குறைத்தது. கமுதிக் கணக்கில் எவையெல்லாம் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்த இடைவெளி கூடும், குறையும். பேனல்களின் மொத்த வாட்டை இன்வெர்ட்டரின் (பேனலின் மின்சாரத்தை மின்வலைக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) திறனைவிடக் கூடுதலாக வைத்திருந்தாலே செலவு ஏறிவிடும். எப்படியிருந்தாலும் அன்றைய நிலவரத்தில் இது மலிவான நிலையம் இல்லை.

வாங்கியவருக்கு முக்கியம் யூனிட் விலை. 2015 ஜூலையில் மின்வாரியத்துடன் போடப்பட்ட ஒப்பந்தம் யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 25 ஆண்டுக்கு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் நிர்ணயித்த விலை அது. 2016 மார்ச் 31-க்குள் மின்சாரம் கொடுக்கத் தொடங்கும் நிலையங்களுக்கு மட்டும் பொருந்தும். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு 5.10 என்று ஆணையம் விலையை இறக்கியது. 2017-இல் 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது 3.47-க்கு வந்துவிட்டது. இதை ஒரு மெகாவாட் அளவில் பார்த்தால் தெளிவாகும். ஆணையம் கணக்கில் எடுத்த 19 சதவீத உற்பத்தித் திறனில் (ஆண்டு முழுக்க இரவு பகலாக முழுத் திறனில் ஓடினால் வருவதில் 19 சதவீதம்) ஒரு மெகாவாட் ஆண்டுக்கு 16.6 லட்சம் யூனிட் கொடுக்கும். 7.01 விலையில் அதற்கு 1.17 கோடி ரூபாய், 3.47 விலையில் 58 லட்சம். இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும் மின்சாரத்தை வாரியம் 25 ஆண்டுக்குக் கட்டிப்போட்டுக்கொண்டது. பேனல் விலை சரிந்துகொண்டிருந்தது அப்போதே எல்லோருக்கும் தெரியும். ஏலம் விடாமல் நிலையான விலையில் இவ்வளவு பெரிய கொள்முதல் செய்ததுதான் தவறு. கட்டியவர் அறிவிக்கப்பட்ட விலையை எடுத்துக்கொண்டார். வாங்கும் முறைக்கு என் மதிப்பெண் மிகக் குறைவு.

அந்த மார்ச் 31 கெடுதான் கட்டுமானத்தின் ஒவ்வொரு முடிவையும் தீர்மானித்தது. எட்டு மாதத்தில் கட்டினார்கள், 8,500 பேர் வேலை செய்தார்கள், நாளொன்றுக்குச் சராசரி 11 மெகாவாட் பொருத்தினார்கள் என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. எட்டு மாதத்தைச் சராசரியாக எடுத்தால் நாளுக்கு 2.7 மெகாவாட்தான் வரும். 11 என்பது அஸ்திவாரமும் இரும்புச் சட்டமும் முடிந்து, பேனல் ஏற்றும் கட்டத்தின் வேகமாகத்தான் இருக்க முடியும். அந்தக் கட்டத்துக்கு அது உண்மையிலேயே அசாதாரண வேகம். இன்னொரு எண்ணும் பல இடங்களில் தவறாகச் சுற்றுகிறது: 27,000 மீட்டர் இரும்புச் சட்டம் என்று. 25 லட்சம் பேனலை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வரிசை வைத்தாலே சட்டத்தின் நீளம் 1,200 கிலோமீட்டரைத் தாண்டும். 27,000 டன் என்று படித்தால் மெகாவாட்டுக்கு 41 முதல் 42 டன் வருகிறது. அந்த வகைச் சட்டத்துக்கு அது பொருத்தமான எடை.

மற்ற எண்களை மெகாவாட்டுக்குப் பிரித்துப் பார்த்தால் நிலையத்தின் வடிவம் கண்ணில் படும். 3.8 லட்சம் அஸ்திவாரம் என்றால் மெகாவாட்டுக்கு 586 குழி. 6,000 கிலோமீட்டர் கேபிள் என்றால் மெகாவாட்டுக்கு 9 கிலோமீட்டருக்கு மேல். 576 இன்வெர்ட்டர், அதாவது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.1 மெகாவாட், 154 டிரான்ஸ்பார்மர், ஒவ்வொன்றின் கீழும் நான்கு இன்வெர்ட்டர் அளவில். பெரிய இன்வெர்ட்டரை நடுவில் வைத்துச் சுற்றிலும் உள்ள பேனல்களை அதில் கொண்டுவந்து சேர்க்கும் பழைய முறை இது. வாங்கும்போது மலிவு, பொருத்துவதும் வேகம். பழுதானால் மட்டும் ஒரே அடியில் 1.1 மெகாவாட் படுத்துவிடும். அதைப் பழுதுபார்க்க நிறுவனத்தின் ஆள் வர வேண்டும். இன்று 300 கிலோவாட்டைச் சுற்றியுள்ள சிறிய இன்வெர்ட்டர்களைப் பேனல் வரிசையின் ஓரத்திலேயே மாட்டுகிறார்கள். ஒன்று கெட்டால் உள்ளூர் எலக்ட்ரீஷியன்களே சேர்ந்து கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். ஐந்து, பத்து மெகாவாட் கட்டுபவர்கள் கமுதி முறையைப் பின்பற்ற வேண்டாம்.

கமுதிப் பகுதியில் கட்டுமானத்துக்குப் பெரிய சோதனை கரிசல் மண். மழையில் ஊறி உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கம் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை இருக்கும். சோலார் அஸ்திவாரமோ பெரும்பாலும் 30 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழத்தில்தான் போடப்படுகிறது. பேனலின் எடை குறைவு. ஆகவே தூண் கீழே இறங்குவது பிரச்சினை இல்லை. காற்று பேனலைத் தூக்குவதும், மண் உப்பித் தூணை மேலே தள்ளுவதும்தான் ஆபத்து. வரிசையில் ஒரு தூண் இரண்டு சென்டிமீட்டர் எழுந்தாலே சட்டம் முறுகி, பேனல் கண்ணாடியின் ஓரத்தில் அழுத்தம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த பேனல் மூன்று நான்கு ஆண்டில் சூடேறிக் கருகும்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது: தூணை இழுத்துப் பார்க்கும் சோதனையை வறண்ட மண்ணில் மட்டும் செய்து முடித்துவிடாமல், சோதனைத் தூணைச் சுற்றிப் பாத்தி கட்டி நாலைந்து நாள் தண்ணீர் நிறுத்தி, ஊறிய மண்ணிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கருக்கு ஓர் இடமாவது சோதிக்க வேண்டும். உப்பும் மண்ணாக இருந்தால் அடியில் குமிழ் விரித்த தூண் போடலாம். அல்லது குழியின் மேல் அரை மீட்டருக்குத் தூணைச் சுற்றி மணல் நிரப்பி, மண் கான்கிரீட்டைப் பிடித்துத் தூக்காதபடி பிரிக்கலாம். அவசரக் கட்டுமானத்தில் முதலில் வெட்டப்படுவது இந்தச் சோதனைதான். கெடு நெருங்கும்போது ஊறிய மண் சோதனைக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

அடுத்தது துரு. கடலிலிருந்து வரும் உப்புக் காற்றும் உவர் மண்ணும் சேர்ந்த பகுதி இது. இரும்புச் சட்டத்தின் துத்தநாகப் பூச்சு சராசரி 80 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. வேலையிடத்தில் துளைபோட்டால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும். அங்கிருந்துதான் துரு தொடங்கும். துளை எல்லாவற்றையும் பட்டறையிலேயே போட்டுவிட்டுப் பிறகு பூச்சுக்கு அனுப்ப வேண்டும். பூச்சின் தடிமனை அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்தான்; லாரி வந்து இறங்கும்போதே அளந்து, குறைந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

மின் வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன இணைப்புகள். பேனலுக்குப் பேனல் மாட்டும் பிளக்கில் ஆண் ஒரு கம்பெனி, பெண் இன்னொரு கம்பெனி என்று மாட்டினால் பார்க்கப் பொருந்தியதுபோல் இருக்கும்; உள்ளே தொடர்பு சரியாக இருக்காது. அந்த இடம் சூடாகி உருகும், காய்ந்த புல் இருந்தால் தீப்பிடிக்கும். பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்தில் (டி.சி.) பொறி கிளம்பினால் எளிதில் அணையாது. கம்பி முனையை பிளக்கில் நெரித்துப் பொருத்தும் கிரிம்பிங் கருவியை ஒவ்வொரு பிளக் வகைக்கும் தனியாக வைத்திருக்க வேண்டும், ஒரே கம்பெனி பிளக்கையே வாங்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை உச்சி வெயிலில் வெப்பப் படக் கேமராவால் எல்லா இணைப்பையும் பேனலையும் படம் பிடிக்க வேண்டும். கேபிள் பள்ளம் 75 சென்டிமீட்டர் ஆழம், கீழும் மேலும் மணல், அதன்மேல் செங்கல். மணலை மிச்சம் பிடித்துக் கரிசலை அப்படியே தள்ளி மூடினால், கோடையில் மண் வெடிக்கும்போது கேபிளை இழுக்கும். வெடிப்பு வழியே எலியும் இறங்கும்.

வெயில் அதிகமான ஊரில் மின்சாரமும் அதிகம் என்று நினைப்பது பாதிதான் சரி. ஒளி அதிகம், சூடும் அதிகம். மதியம் பேனலின் உள்வெப்பம் 65 டிகிரிக்குப் போகும். 25 டிகிரியில் அளந்து எழுதிய வாட், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைகிறது. 40 டிகிரி கூடினால் 16 சதவீதம் போய்விட்டது. கமுதி காலத்துப் பேனல்களின் நிலை இது. இன்று விற்கும் புதிய வகைகளில் இழப்பு டிகிரிக்கு 0.3 சதவீதம்தான். கமுதியில் ஒன்பதரை டிகிரி அட்சரேகைக்கு ஏற்ற மிகக் குறைந்த சாய்வே போதும். சாய்வு குறைந்தால் வரிசைகளை நெருக்கி வைக்கலாம், நிலம் மிச்சமாகும். மெகாவாட்டுக்கு 3.86 ஏக்கரில் அடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சாய்வு குறைந்த பேனலில் தூசி தங்கும், மழை கழுவிக்கொண்டு போகாது.

அதற்குக் கமுதி கண்ட தீர்வு நன்றாக இருக்கிறது: தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் ரோபோக்கள் தினமும் பேனல்களைத் துடைக்கின்றன. இதை நான் முழு மனதோடு பாராட்டுவேன். குழாய் வைத்துக் கழுவினால் ஒரு பேனலுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்றாலும் 25 லட்சம் பேனலுக்கு ஒரு சுற்றுக்கு 40, 50 லட்சம் லிட்டர் ஆகும். குடிதண்ணீருக்குக் குடம் தூக்கும் மாவட்டத்தில் அது நியாயமே இல்லை. போர்த் தண்ணீர் உவர்ப்பு. அப்படியே அடித்தால் உப்புக் கறை கண்ணாடியில் படிந்து ஒளியை மறைக்கும். சிறிய நிலையங்களுக்கு ரோபோ கட்டுப்படியாகாது. அவர்கள் உப்பு நீக்கிய தண்ணீரை விடியற்காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன் பயன்படுத்த வேண்டும். மதியத்தில் சூடான கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடலாம்.

சுற்றுச்சூழல் கணக்கில் நிலையத்தின் பக்கம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடலாம். ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 மதிப்பீட்டின்படி பெரிய சூரிய மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு, பேனல் உற்பத்தியிலிருந்து கழிவு வரை சேர்த்து, சுமார் 48 கிராம் கரியமில வாயு. நிலக்கரியில் 820 கிராம். மெகாவாட்டுக்கு 16.6 லட்சம் யூனிட் என்றால் ஆண்டுக்கு 1,280 டன் குறைகிறது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் இந்தக் கணக்குக்குப் பயன் இருக்க வேண்டுமானால் தயாராகும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றாலைக் காலத்தில் சூரிய மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லி நிறுத்திவைத்தது தமிழகத்தில் பெரிய வழக்கானது. மின்வலையின் பாதுகாப்பு தவிர வேறு காரணத்துக்காக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் தீர்ப்பளித்தது.

இனி மண்ணின் பக்கம். சூரிய மின் நிலையத்துக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் 2016 முதல் அது வெள்ளை வகை, அதாவது மாசு ஏறக்குறைய இல்லாத தொழில். புகை இல்லை என்ற அளவில் அது சரி. ஆனால் 2,500 ஏக்கரை வேலி போட்டு அடைக்கும் ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம், நீரோட்ட வரைபடம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இராமநாதபுரத்தில் விவசாயம் பெரும்பாலும் மழையை நம்பித்தான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். அந்தத் தண்ணீர் காட்டின்மேல் ஓடி, ஓடையில் இறங்கி, வரத்துக்கால் வழியே கண்மாய்க்குப் போனால்தான் நெல்லும் மிளகாயும். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும் தொடர் அது. நடுவில் 10 சதுர கிலோமீட்டரைச் சமப்படுத்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு. 25 லட்சம் பேனலின் பரப்பு சுமார் 41 லட்சம் சதுர மீட்டர், அதாவது நிலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் பேனல்களின் மேல் மட்டும் விழுவது 20 கோடி லிட்டர். அது பரவலாக மண்ணில் இறங்காமல் பேனலின் கீழ் விளிம்பில் ஒரே கோடாக வடிகிறது. அந்தக் கோட்டில் மண் அரித்து வாய்க்கால் விழும். அரித்த கரிசல் பக்கத்துக் கண்மாயில் போய்ப் படியும். தூணின் அடியும் வெளியே தெரியத் தொடங்கும், ஆகவே இது நிறுவனத்துக்கும் நட்டம். வடியும் கோட்டில் ஜல்லி விரிப்பு, வரிசைகளுக்கு நடுவே புல், சரிவுக்குக் குறுக்கே 50 மீட்டருக்கு ஒரு தாழ்ந்த வரப்பு, பழைய ஓடைகளை இருபுறமும் பத்து மீட்டர் விட்டு அப்படியே காப்பது – இவ்வளவும் திட்டச் செலவில் மிகச் சிறிய பங்குதான். நிலத்தை மொட்டையடிக்காமல் புல்லை விட்டால் ஆடும் மேயலாம். ஆனால் பேனலின் கீழ் விளிம்பு ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், கேபிள்கள் தொங்காமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். கமுதி அளவுக்கு வரிசைகளை நெருக்கிய அமைப்பில் இதற்கெல்லாம் இடம் கிடைப்பது கடினம். பாவகடாவில் 2,050 மெகாவாட்டுக்கு 13,000 ஏக்கர், மெகாவாட்டுக்கு ஆறு ஏக்கருக்கு மேல். நிலத்தைக் குறைத்துக் காட்டும் நிலையத்தை உடனே சிக்கனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீருக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

"தரிசு நிலம்தானே" என்ற பேச்சையும் நிறுத்த வேண்டும். பட்டாவில் தரிசு என்று எழுதியிருக்கும் காட்டில் ஆடு மேய்கிறது, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. சீமைக்கருவேலத்தை அகற்றுவதை நான் வரவேற்கிறேன். அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு மாற்று என்ன என்பதும் அதே கேள்வியில் அடங்கும். இதே மாவட்டத்தில் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் (உலக முக்கியத்துவம் உள்ள) ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்ட பறவைச் சரணாலயங்கள். புதிய நிலையங்களின் உயர்மின் கம்பிகள் அவற்றுக்கும் இரைதேடும் கண்மாய்களுக்கும் நடுவே குறுக்கே போகக் கூடாது. தவிர்க்க முடியாத இடத்தில் புதைகேபிள் அல்லது கம்பியில் பறவைக்குத் தெரியும் தட்டுகள் போட வேண்டும்.

நிலம் கேட்டு வருபவரிடம் உட்காரும்போது பாவகடாவை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அங்கே விவசாயி நிலத்தை விற்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீத உயர்வு. நிலம் இல்லாத கூலிக்காரருக்கும் ஆடு வளர்ப்பவருக்கும் அதில் எதுவும் கிடைக்கவில்லை என்பது அந்த முறையின் பெரிய ஓட்டை. ஆனாலும் பட்டா கையில் இருக்கிறது. குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வெறும் ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. நிறுவனம் கைமாறினால் புதியவரும் அதே நிபந்தனைக்குக் கட்டுப்படுவார் என்று எழுதியிருக்க வேண்டும்.

காலம் முடிந்தபின் நடக்க வேண்டியதையும் அதிலேயே எழுத வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டம், 1.8 மீட்டர் ஆழம் என்று எடுத்தால் கமுதி அளவு நெருக்கத்தில் ஏக்கருக்கு 45 டன் கான்கிரீட் மண்ணுக்குள் இருக்கும். தரைக்குக் கீழ் உடைத்துவிட்டு மூடினால் அங்கே ஏர் ஓடாது. முழுத் தூணையும் பிடுங்கி, குழியை அதே மண்ணால் மூடிக் கொடுப்பது என்று வாசகம் இருக்க வேண்டும். அதற்கான தொகையைப் பத்தாவது ஆண்டிலிருந்து தனி வங்கி வைப்பாக நிலச் சொந்தக்காரர் பெயரும் சேர்த்துப் போடச் சொல்லலாம். பேனல் ஒன்று 19 கிலோ என்றால் கமுதியில் மட்டும் 47,000 டன்னுக்கு மேல். 2022 மின்கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் சேர்த்துக்கொண்டன; தயாரிப்பாளர்கள் 2034-35 வரை கழிவைச் சேமித்துவைக்க வேண்டும் என்கின்றன. கமுதியின் ஒப்பந்தக் காலம் முடிவது அதற்கும் பிறகு, 2041-ஐ ஒட்டி. இடையில் உடையும் பேனல்களை நிலத்தின் மூலையில் குவித்துவைக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி, எடுத்துச் சென்றதற்கான ரசீதின் நகலை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.